தலையணைக்குச் செய்த முதலுதவி

ஜூன் 3, செவ்வாய்

மழை. மூன்றாம் நாளாகத் துணி காயவில்லை. புது சிலிண்டர் மாட்டினேன். போனது நாற்பத்தொரு நாள் வந்தது. அதற்கு முந்தியது நாற்பத்தாறு. அந்த ஐந்து நாள் இவருக்கு வெந்நீர் வைத்ததில் போயிருக்கும்.

சாயங்காலம் உமா மகேஸ்வரி வந்தாள். கோயில் தெருவில் மாதர் குழு நடத்துகிற பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு அவள்தான் தலைவி. ஜூலை பதினைந்தாம் தேதி சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். அவர்கள் கொடுக்கும் உதவியில்தான் காப்பகம் நடக்கிறது. பதிவேடு எல்லாம் கிறுக்கலாகக் கிடக்கிறதாம். "உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும் அகிலாக்கா. நீங்கதான் ஃபேர் காப்பி போட்டுத் தரணும்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வேலை கிடக்கிறது என்று வெளியே சலித்துக்கொண்டேன். உள்ளே எவ்வளவு சந்தோஷம் என்பது முருகனுக்குத் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

அறக்கட்டளையின் விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் படித்தேன். முதலுதவிக்கு மட்டும் நாலு பக்கம். குழந்தைகள் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும், தூங்கும்போதும் சாப்பிடும்போதும்கூட, முதலுதவி தெரிந்த ஒருவர் அவர்களோடு இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. செய்து காட்டினால்தான் சான்றிதழ். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்துகிற பகுதியை வருஷா வருஷம். முழுக் கடலை, கொட்டை, திராட்சை எதுவும் மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது. இது கடவுளுக்கு அடுத்தபடி யோசித்து எழுதியதுபோல இருந்தது எனக்கு.

இன்று காப்பகத்தில் முதலுதவிப் பெட்டியைக் கேட்டேன். ஆயா அன்னம்மாள் பரண்மேலிருந்து இறக்கினார். உள்ளே இருந்தவை: துருப்பிடித்த கத்தரி ஒன்று. எறும்பு ஏறிய பஞ்சு. 2021-இல் காலாவதியான தீப்புண் களிம்பு. பாதி எரிந்த மெழுகுவர்த்தி. யாருடையதோ ஸ்டிக்கர் பொட்டு அட்டை. அடியில் செத்துக் காய்ந்த பல்லி.

இருபத்திரண்டு குழந்தைகள். சீ. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். விரதம். கோயிலில் நல்ல கூட்டம்.

காப்பகத்து டீச்சர் வைஜெயந்தி, அண்ணன் குழந்தைக்குப் பேர் வைக்கக் கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருக்கிறாள். அவள் அண்ணன் பாலகுமாருக்கு அங்கே தீயணைப்பில் வேலை. பன்னிரண்டாம் தேதி கப்பலில் திரும்பி, பதினான்காம் தேதி முதலுதவிப் பயிற்சிக்கு வந்துவிடுவாளாம்.

ஜூன் 12, வியாழன்

காற்று. நிக்கோபார் கப்பல் ரத்து. இவர் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்து டிக்கெட் கவுன்டரில் காலை ஏழிலிருந்து நாலு பாஷையில் திட்டு வாங்கிவிட்டு, சோறு அப்படியே இருக்கிற டிபன் பாக்ஸோடு வந்தார். "கடலை நானா கெளப்பி விட்டேன்? என்னையப் போட்டுக் கேக்குறானுக." கப்பல் வரவு, ரத்து எல்லாவற்றையும் நான் எழுதி வைப்பது இதற்காகத்தான். எந்த நாளில் இவருக்குச் சோறு இறங்காது என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஜூன் 14, சனி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

கோயில் மண்டபத்தில் பயிற்சி. ஒன்பதுக்கு வரவேண்டிய பயிற்சியாளர் பதினொன்றரைக்கு வந்தார். நெஞ்சை அழுத்திப் பழகுகிற பொம்மை கொண்டு வந்தாரா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. சரக்குக் கப்பலில் வருகிறதாம். மண்டபத்தில் இருந்த தலையணை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். கல்யாண வீட்டுத் தலையணை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்தது. "இதான் பேஷன்ட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அதன்மேல் கை வைத்தோம், போட்டோ எடுத்தார்கள். கை வைத்தது போட்டோவுக்குத்தான். அழுத்தச் சொல்லவில்லை.

நான் எழுந்து கேட்டேன்: சார், ஒரு வயசுக் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டால் எப்படிப் பிடிக்க வேண்டும்?

"அரே மேடம், அதெல்லாம் யூடியூப்ல இருக்கு. டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க."

ஒரு மணிக்குச் சமோசா. அதோடு முடிந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. அன்னம்மாள் அந்த ஒன்றரை மணியும் பின்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவரையும் உட்கார வைக்கலாமே என்றேன். "கையெழுத்தே போடத் தெரியாது, அவுங்களுக்கு எதுக்குக்கா?" என்றாள் உமா. இருபத்திரண்டு பிள்ளைகளையும் நாள் முழுக்கத் தூக்கிச் சுமப்பது யார்?

நாற்காலி நிரம்ப வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்திருந்தாள். நானும் சமோசா தின்றேன்.

ஜூன் 18, புதன்

கப்பல் வந்தது. வைஜெயந்தி இன்றுதான் ஊர் வந்து சேர்ந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. எட்டு. பளபளவென்று தங்கக் கரையோடு. "பன்னிரண்டு மணி நேரப் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் முடித்தவர்" என்று ஒவ்வொன்றிலும். ஒன்று என் பேரில். ஒன்று வைஜெயந்தி பேரில்.

இந்த டைரியைப் புரட்டினேன். பதினான்காம் தேதி அந்தப் பெண் கார் நிக்கோபாரில். நடுவில் இருந்தது கொந்தளிக்கிற கடல். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும், மற்றவர்கள் கிளம்பிய பிறகு பிள்ளைகளோடு இருக்கும் முதலுதவிக்காரி என்று பதிவேட்டில் இருப்பது அவள் பேர். அதை ஃபேர் காப்பி போட்டது நான்.

வெட்கமில்லாமல் எப்படி வாங்கிக்கொண்டாள்? நான் ஒன்றரை மணி நேரமாவது அங்கே இருந்தேன்.

என் சான்றிதழைச் சாமி மாடத்தில் வைக்க மனசு வரவில்லை. கிழித்துப் போடவும் வரவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 21, சனி

டைரியை எடுத்துக்கொண்டு உமா வீட்டுக்கே போனேன். பன்னிரண்டு, பதினான்கு, பதினெட்டு என்று மூன்று தேதியையும் வரிசையாகக் காட்டினேன். முதலில் சிரித்தாள். "அக்கா, ஊர்ல எல்லாரும் பண்றதுதான். பேப்பர்ல இருக்கணும், அவ்ளோதான்." சாமி கும்பிடுகிறவர்கள் பொய்யை ஃபேர் காப்பி போடுவதில்லை என்றேன். முகம் மாறிவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு இனிப்பாகப் பேசினாள்.

"நீங்க சொல்றது கரெக்ட்தான். வைஜெயந்தி பேரு எடுத்துடலாம். ஜூலை பத்தோட அவளையே நிறுத்திடறேன். க்ளீனா இருக்கும்."

அவளை நிறுத்த வேண்டும் என்றா நான் கேட்டேன்? இல்லை. வேண்டாம் என்று சொன்னேனா? அதுவும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

காப்பகத்தில் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வைஜெயந்தி எதிரே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் அங்க இருந்தப்போ எங்க அண்ணன்—"

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. தேதி பேசுது."

போய்விட்டாள். நான் சிவப்பு மையில் அடுத்த கோட்டைப் போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது.

ஜூன் 27, வெள்ளி

இப்போது புரிகிறது. வைஜெயந்தி இடத்துக்கு உமாவின் அண்ணன் மகள் வருகிறாள். இந்த மாசமே சென்னையில் படித்து முடித்து வந்தவள். அவளிடமும் தங்கக் கரைச் சான்றிதழ் இருக்கிறது, எந்தத் தலையணையில் கை வைத்தாளோ. உமா என் டைரியைத் துடைப்பமாக்கி எனக்குத் தெரியாமலே கூட்டி முடித்துவிட்டாள்.

இவரிடம் சொன்னேன். "நீ எதுக்கு அதுல போய்த் தலைய விட்ட? உன் கணக்குல தப்பு வராதுன்னு எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் யார் கையில குடுத்த, பாத்தியா?" என்றார்.

அவர் தட்டைக் கழுவினேன்.

ஜூலை 1, செவ்வாய்

சஷ்டி விரதம். சாயங்காலம் உட்கார்ந்து, முதலுதவி முறைகளை விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலிருந்து தமிழில் எழுதினேன். அடைப்பு, தீப்புண், வலிப்பு, நெஞ்சழுத்தம். எண் போட்டு, அடிக்கோடு போட்டு, ஐந்து பக்கம். கண்ணை மூடினால் வரி வரியாகச் சொல்லிவிடுவேன். அந்தத் தலையணைக்கூட்டத்தில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

முருகா.

மத்தியானம் ஒன்றே முக்கால். காப்பகத்தில் பதிவேடு முடிக்க வேண்டும் என்று அங்கேயே சாப்பிட்டேன். அன்னம்மாள் எனக்குத் தனியாகப் பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றிக் கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பருப்புச் சாதம். தட்டைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுக் கோடு போட்டேன். கோடுதான் எனக்கு முக்கியம்.

முத்துவீரன் என்ற அவ்வளவு பெரிய பெயரைச் சுமக்கிற ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளை. எப்போது வந்தான், எப்போது என் தட்டில் கை வைத்தான், தெரியாது. நிமிர்ந்தபோது வாய் திறந்திருக்கிறது. சத்தம் இல்லை. அழுகை இல்லை, இருமல் இல்லை. உதடு நாவல்பழம் தின்றவன்போல மாறுகிறது.

எனக்குத் தெரியும். முதல் பக்கம், முதல் எண். நான் எழுதியது. வரி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கை எழவில்லை. எழவே இல்லை. ஸ்கேலைப் பிடித்தபடியே இருந்தேன். பிறகு என்ன செய்தேன் என்றால், எழுதவே கூசுகிறது, அவன் உச்சந்தலையில் தட்டி "மேல பாரு, மேல பாரு" என்றேன். கிணற்றடியில் எந்தக் கிழவியும் செய்வது. செய்யக் கூடாது என்று நானே அடிக்கோடு போட்டது.

உள்ளறையிலிருந்து வைஜெயந்தி வந்தாள். கத்தவில்லை. என்னைத் தோளால் தள்ளினாள். ஒரு முழங்கால் போட்டு உட்கார்ந்து, பிள்ளையைத் தொடைமேல் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தாடையை ஒரு கையால் தாங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஓங்கி — ஒன்று. இரண்டு. மூன்று. அந்த அடியைப் பார்த்தால் கொல்கிறாள் என்றுதான் தோன்றும். நாலாவதில் கொட்டை தெறித்துப் பதிவேட்டின்மேல் விழுந்தது. முழுசாக. வழவழவென்று.

அதன் பிறகு அவன் அழுத அழுகை.

"ஆட்டோ கூப்பிடுங்க அன்னம்மா, ஆஸ்பத்திரியில காட்டிடலாம்" என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே கிளம்பினாள். போகும்போது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

என் தட்டிலிருந்துதான். என் தட்டிலிருந்துதான்.

ஜூலை 9, புதன்

காலையில் வைஜெயந்தி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

கார் நிக்கோபாரில் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஆறு நாளும் வெளியே அடைமழை, வீட்டுக்குள் வேலை எதுவும் இல்லை. பயிற்சியைத் தவறவிட்டுவிட்டேனே என்று இவள் அழுதிருக்கிறாள். "நீ என்னத்துக்கு அழுவுற, நான் சொல்லித் தர்றேன்" என்று பாலகுமார் அவனுடைய மூத்த பெண்ணின் பொம்மையை வைத்துக் காலையும் சாயங்காலமும் பழக்கியிருக்கிறான். பொம்மையின் கழுத்தே கழன்றுவிட்டதாம். ஊருக்கு வந்து பார்த்தால் சான்றிதழ் தயாராக இருந்திருக்கிறது. "நான் வரவே இல்லையே மேடம், வேணாம்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். "சலேகா, பரவால்ல, வெச்சுக்கோ" என்று உமா கையில் திணித்திருக்கிறாள்.

அன்றைக்கு என் எதிரே வந்து சொல்ல நின்றது இதைத்தான்.

மன்னித்துக்கொள் என்றேன்.

"தேதி நீங்க எழுதினது சரிதான் அக்கா. பொய் சர்டிஃபிகேட்டுதான் அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இனிமேல் அண்ணனிடமே போய்விடப் போகிறாளாம். அங்கே பள்ளிக்கூடத்தில் ஏதாவது கிடைக்கும் என்கிறாள்.

இந்த ஒரு மாசமாக எல்லோரையும் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். நாற்றம் என் புடவைக்கு அடியிலும் மடித்து வைத்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

அறக்கட்டளையிலிருந்து திவ்யா என்று ஒரு பெண் வந்தாள். என் மகன் வயசுதான் இருக்கும். உமா பட்டுப்புடவையில் ஆரத்தி எடுத்தாள். பதிவேடுகளைப் புரட்டி, "யாருடைய எழுத்து, ரொம்ப அழகா இருக்கே" என்றாள் திவ்யா. எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது.

பீரோவிலிருந்து எடுத்துப்போன சான்றிதழை மேஜைமேல் வைத்தேன். இந்த டைரியையும் ஜூன் பதினான்காம் பக்கம் திறந்து வைத்தேன். "எழுத்து அழகா இருக்கும்மா. விஷயம் பொய். ஒன்றரை மணி நேரம், ஒரு தலையணை, ஒரு சமோசா. எட்டும் செல்லாது. முதலில் என்னுடையதை அடியுங்கள்" என்றேன். என் தட்டைப் பற்றியும் சொன்னேன்.

"இந்தக்காவுக்கு ஷுகர் இருக்கு, அப்பப்ப இப்படித்தான்" என்றாள் உமா. எனக்கு ஷுகர் கிடையாது.

திவ்யா தோள்பையைத் தரையில் கிடத்தினாள். "இது ரெண்டு வயசுக் குழந்தை. மூச்சு இல்லை. யாராவது செஞ்சு காட்டுங்க." உமாவின் அண்ணன் மகள் நகத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர். என்னால் பக்க எண்தான் சொல்ல முடியும்.

சம்பளம் வாங்கிக்கொண்டு போக வந்திருந்த வைஜெயந்தி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மண்டியிட்டாள். ஒரு கையால் அழுத்தினாள். முப்பது வரை எண்ணினாள், இரண்டு முறை ஊதினாள், மறுபடி முப்பது. அவளுக்குப் பின்னாலேயே அன்னம்மாள் வந்து உட்கார்ந்து, "அம்மாடி, இத நானும் செய்வேனே. இந்தப் புள்ள தெனம் மத்தியானம் எனக்குக் காட்டிக் குடுக்குமே" என்றார்.

முடிவு: எட்டும் ரத்து. ஆகஸ்ட் இரண்டு, மூன்று தேதிகளில் வேறு ஆட்களை வைத்து முழுப் பயிற்சி. ஆயாவுக்கும் சேர்த்து. அதுவரை வைஜெயந்தி இல்லாமல் காப்பகம் திறக்கக் கூடாது. "பயிற்சி முடியற வரைக்கும் இருக்கேன் மேடம். ஏழாம் தேதி கப்பல்ல டிக்கெட் போட்டாச்சு" என்றாள் அவள்.

ஜூலை 16, புதன்

பதிவேட்டு வேலை இனி எனக்கு வேண்டாம் என்று உமா ஆள் விட்டுச் சொன்னாள். கோயிலில் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. மாவிளக்கு போட்டேன். காலையில் முதலுதவிப் பெட்டியைக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்து வெந்நீரில் கழுவி வெயிலில் வைத்தேன். பல்லியின் வால் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு நாள். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. நிஜமான பொம்மைகள், பெரியது மூன்று, கைக்குழந்தை இரண்டு. சரியாக அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், இல்லாவிட்டால் வராது. பொம்மையிடம் முகத்தாட்சண்யம் செல்லாது.

எனக்கு நேற்று முழுக்கச் சத்தம் வரவில்லை. நாற்பத்தாறு வயசு முழங்கால் இரண்டும் கன்றிப்போயின. பக்கத்து பொம்மையிலிருந்து வைஜெயந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று மத்தியானம் எழுந்து வந்தாள். "முழங்கையை மடக்காதீங்க. தோள்லேருந்து இறக்குங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்து நேராக்கினாள். டக்.

அன்னம்மாளுக்கு முதல் தடவையே வந்தது. அவர் சான்றிதழை நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று முறை படிக்கச் சொன்னார். மடிக்காமல் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு போனார்.

உமா இரண்டாம் நாள் வரவில்லை. அவளுக்குச் சான்றிதழ் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வானம் தெளிவு. கடல் அமைதி. இவர் டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. கார் நிக்கோபார் கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாம்.

ஒன்றும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவரே சொன்னார்: "அந்த டீச்சர் பொண்ணு பதினோரு மணிக்கே வந்து டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டுப் போயிருச்சு."

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம். வைஜெயந்தி நின்றாள். கையில் காப்பகத்தின் புதுப் பதிவேடு, அட்டை போடாதது. உள்ளே வரவில்லை.

"அக்கா, கோடு மட்டும் போட்டுக் குடுங்க. எழுதறதை நான் எழுதிக்கிறேன்."

நாற்பது பக்கம் போட்டேன். இன்னும் அறுபது இருக்கிறது.